மாதத்துக்கு நாற்பத்தேழு நாள்

சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி 1988-இல் சிங்காரவேலுக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தது. பெயருக்குக் கீழே ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’ என்று போட்டிருந்தது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள், டீ குடிக்கப் போகும்போது, சார் நீங்க எப்படி இந்த லைனுக்கு வந்தீங்க என்று கேட்பார்கள். அவனிடம் தயாராக நாலு வரி உண்டு. விருத்தாசலம் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு, முதல் வகுப்பு. நெய்வேலியில் பஞ்ச் ஆப்பரேட்டர். அப்புறம் ப்ரோக்ராமர். அப்புறம் வேலை மொத்தத்தையும் நடத்துகிற ஆள்.

நாலு வரியிலும் பொய் கிடையாது. மூன்றாவது வரிக்கும் நாலாவது வரிக்கும் நடுவில் ஒரு கோடைகாலம் இருக்கிறது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் ஊர் ஆலடிக்குப்பம். நெய்வேலியில் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறி, முந்திரித்தோப்பு முடிகிற இடத்தில் இறங்கி ஒன்றரை மைல் நடக்க வேண்டும். ஊரின் கடைசித் தெரு அவனுடையது. அந்தத் தெருவில் யாருக்கும் ஒரு காணி நிலம் கிடையாது. அடுத்தவர் நெல்லுக்கும் கரும்புக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், சுரங்கம் வந்த பிறகு காண்ட்ராக்டர்களிடம் கூலிக்குப் போனார்கள். மண்வெட்டி மட்டும் மாறவில்லை.

தெருமுனையில் பெரியண்ணசாமிக்கு ஒரு கல், அவர் குதிரைக்காரன் கலியனுக்கு ஒரு கல். தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்தால் இந்த இரண்டில் ஒரு பெயர்தான். அப்பன் கலியன் என்றால் பிள்ளை பெரியண்ணன். அப்பன் பெரியண்ணன் என்றால் பிள்ளை கலியன். அப்பனும் பிள்ளையும் ஒரே பெயரில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். அதனால் அந்த ஒரே தெருவில் கலியன் மகன் பெரியண்ணன் என்று ஆறு பேர் இருந்தார்கள். தெருவுக்கு இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை. இடது கையால் மண்வெட்டி பிடிப்பவன் பீச்சாங்கை பெரியண்ணன். வாசலில் குனிந்து நுழைபவன் நெட்டை பெரியண்ணன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் பெரியண்ணன்.

ஆறில் ஒருவன் சிங்காரவேல்.

குறிஞ்சிப்பாடி உயர்நிலைப் பள்ளியில் அவன் வகுப்பிலேயே தெருக்காரன் இன்னொருவன் இருந்தான். இரண்டு கே. பெரியண்ணன். வாத்தியார் பெரிய பெரியண்ணன், சின்ன பெரியண்ணன் என்று கூப்பிடுவார். வகுப்பு தினமும் சிரிக்கும். இவன் சின்னவன். பத்தாம் வகுப்பில், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பெயர் ஏறுவதற்கு முன், தலைமையாசிரியரிடம் போய்ப் பெயரை மாற்ற வேண்டும் என்று நின்றான். என்ன பெயர் என்று அவர் கேட்டபோது, பஸ் ஸ்டாண்டு எதிரே ஜவுளிக்கடை போர்டில் தினமும் படித்த பெயர் வாயில் வந்தது. அப்பன் கலியன் கைநாட்டு வைத்தார். “எதுனா வச்சிக்க. கூப்ட்டா வந்தா சரி,” என்றார்.

தெருவில் முதல் பட்டதாரி அவன். பட்டம் வாங்கி வந்த அன்று தெருவே வாசலில் கூடி நின்று பார்த்தது. அதில் அவனுக்குப் பெருமைதான். ஆனால் மறுநாளிலிருந்து அவர்கள் அவனைக் காலேஜ் பெரியண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

நெய்வேலி மெயின் பஜாரில் ஒரு மாடியில் ‘கெடிலம் டேட்டா சர்வீஸ்’ இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான பரமசிவம் நான்கு பஞ்சிங் மெஷின்களை வைத்து அதை நடத்தினார். சிங்காரவேல் விண்ணப்பத்தில் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடி என்று எழுதினான். அப்பா தொழில் என்ன என்று கேட்டதற்கு விவசாயம் என்றான். அரை உண்மை. வேலை கிடைத்தது.

வேலை இதுதான்: கொண்டுவந்து தரும் காகிதத்தில் உள்ளதை அட்டைகளில் துளையாகக் குத்த வேண்டும். ஓர் அட்டையில் எண்பது எழுத்துக்கு இடம். குத்திய அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய், வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில் போட்டு, அது அச்சடித்துத் தரும் நீளத்தாளை மடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு வருஷத்தில் பரமசிவம் அவனைக் கோபோல் என்கிற கம்ப்யூட்டர் மொழி படிக்க மூன்று மாதம் சென்னைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது அவன் ப்ரோக்ராமர். டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸின் பின்கட்டில், துரைராஜ் என்ற திருநெல்வேலிப் பையனோடு அறை எடுத்துத் தங்கினான். ஊருக்குப் போவது மாதம் ஒருமுறை என்று ஆனது.

1981 ஆரம்பத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. மருதமுத்து அண்டு சன்ஸ் என்ற காண்ட்ராக்டரிடம் ஆயிரத்துச் சொச்சம் பேர் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் அதிக நாள் வேலை பார்த்தவர்களைப் பார்த்து சுரங்க நிர்வாகத்தின் பெர்மனென்ட் வேலைக்குப் பரிந்துரைக்க வேண்டும். எட்டு வருஷத்து வருகைப் பதிவுகள் சாக்குச் சாக்காக வந்தன. காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போதெல்லாம் டோக்கன் நம்பர் மாறியிருந்தது. ஒரே ஆள் நாலு நம்பரில் இருப்பான். அதனால் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று வைத்து நாட்களைச் சேர்க்கும்படி சிங்காரவேல் ப்ரோக்ராம் எழுதினான். எழுதும்போது தன் தெரு ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிவிட்டு எழுதினான்.

முதலில் கேட்டது கமலா. பஞ்ச் ஆப்பரேட்டர், டவுன்ஷிப்பிலேயே வளர்ந்த பெண்.

“சார், ஆலடிக்குப்பம் பெரியண்ணன்னு ஒருத்தர் வர்றாரு. ஒரு டோக்கன்ல கைநாட்டு, இன்னொண்ணுல தமிழ்ல கையெழுத்து. டோக்கன் மாறினா கையுமா மாறும்?”

சீட்டில் இருப்பதை மட்டும் அடிக்கச் சொன்னான். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. கமலா அதற்கப்புறம் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த முதல் நீளத்தாளைப் பரமசிவம் மேஜையில் விரித்துப் பார்த்தார். விரல் ஒரு வரியில் நின்றது. பெரியண்ணன், தகப்பனார் கலியன், ஆலடிக்குப்பம், 1976 மார்ச்: நாற்பத்தேழு நாள்.

“மாசத்துக்கு நாப்பத்தேழு நாளு. இவன் வீட்டுக் காலண்டர எங்கய்யா வாங்கினான்?” என்றார். அறையே சிரித்தது. அப்புறம் அவனைப் பார்த்து, “சிங்காரவேல், நீரு இந்தப் பக்கத்து ஆளுதானே. ஒரே ஊர்ல பேரும் அப்பன் பேரும் ஒண்ணா ரெண்டு பேரு இருப்பானா?” என்று கேட்டார்.

சுலபமான கேள்வி. ‘இருப்பான் சார், ஆறு பேர்’ என்றால் முடிந்தது. ஆனால் அடுத்து, உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

“இருக்காது சார்.”

அப்படியென்றால் ஒருவனே இரண்டு டோக்கனில் நாள் ஏற்றியிருக்கிறான், இந்தப் பக்கத்து ஆட்கள் அதில் கெட்டிக்காரர்கள் என்று பரமசிவம் சொல்ல, மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரவேலும் சிரித்தான். அன்று மத்தியானமே ஓர் அட்டையைத் தன் கையால் குத்தி ப்ரோக்ராம் அட்டைகளுக்கு நடுவில் செருகினான். ஒரு மாதத்தில் இருபத்தாறு நாளுக்கு மேல் வந்தால், இருபத்தாறு என்று வைத்துக்கொள். மிச்சத்தை விட்டுவிடு. அந்த ஓர் அட்டையில், தெருவின் ஆறு பேரில் கரி அள்ளப் போன மூன்று பேர் ஒரு பெரியண்ணன் ஆனார்கள். பட்டியல் சுத்தமாக வந்தது. ஏப்ரலில் காண்ட்ராக்டர் ஆபீசில் ஒப்படைத்தார்கள்.

மே பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. பின்கட்டுக் கதவை யாரோ தட்ட, துரைராஜ் போய்த் திறந்தான். சிங்காரவேல் சார் இருக்காருங்களா என்று ஒரு குரல் கேட்டது. சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனியாக விழுந்தது. சிங்காரவேல் எட்டிப் பார்த்தான். தேய்த்த சட்டையோடு மூன்று பேர் நின்றார்கள். பீச்சாங்கை, நெட்டை, மோட்டார். தெருவில் அவனைக் காலேஜு என்று கூப்பிடுகிற வாய்கள். இங்கே அந்தப் பெயர் அவனுக்குப் பிடிக்காது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பீச்சாங்கை பெரியண்ணன் இடது கையில் பாலிதீன் உறைக்குள் ஒரு கடிதம் வைத்திருந்தான். பெர்மனென்ட்டுக்கு முன்பான சரிபார்ப்புக்கு வியாழக்கிழமை காண்ட்ராக்டர் ஆபீசுக்கு வரச்சொல்லி வந்த கடிதம். பெரியண்ணன், தகப்பனார் கலியன், ஆலடிக்குப்பம்.

“போஸ்ட்மேன் எங்க மூணு பேருக்கும் பொதுவுல குடுத்துட்டுப் பூட்டாரு, தம்பி. நாலு நாளா வச்சிகினு இருக்கோம். யாருக்குன்னு உங்க மிஷின்ல பாத்துச் சொல்லு. சண்ட கிண்ட ஒண்ணும் இல்ல. தெரிஞ்சா போதும்.”

மூன்று பேருக்கும் மூன்று கடிதம் வந்திருக்க வேண்டும், ஒன்றாக்கியது நான்தான் என்று சொல்ல அவனுக்கு வாய்த்த நேரம் அது. துரைராஜ் ஷேவிங் கண்ணாடியைப் பார்த்தபடி காதை இங்கே வைத்திருந்தான். சிங்காரவேல் கடிதத்தின் மூலையைப் பார்த்தான். அதில் பொடியாக, அவர்கள் கண்ணில் படாத ஒரு டோக்கன் நம்பர் இருந்தது. அது யாருடையது என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் போல மோட்டார் கையைத் தூக்கினான். அப்படியென்றால் கடிதம் இவருக்குத்தான் என்று சொல்லிச் சிங்காரவேல் அதை அவனிடம் நீட்டினான்.

நெட்டை, மெஷின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினான். பீச்சாங்கை போகவில்லை.

“எனக்கு எப்ப வரும் தம்பி? எழுபத்தி மூணுலேருந்து அள்ளிகினு இருக்கேன். ஜூன் ஒண்ணு வந்தா முப்பத்தஞ்சு முடியுது. அதத் தாண்டினா எடுக்க மாட்டாங்களாம்.”

ஜூன் ஒன்றுதான் தன் பிறந்த நாளா என்று அவனுக்கே தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த வருஷம் என்று கேட்டு, தேதிக்குப் பதிலாக எல்லோருக்கும் குமாஸ்தா ஜூன் ஒன்று என்று போட்டிருந்தார். அடுத்த பட்டியலில் வரும், பார்க்கிறேன் என்று சிங்காரவேல் சொன்னான். அவர்கள் போன பிறகு துரைராஜ் யார் என்று கேட்டான். ஊர்ப்பக்கத்து ஆட்கள் என்றான். மூன்று பேருக்குமா பெரியண்ணன் என்று பெயர் என்று துரைராஜ் கேட்டு, கண்ணாடியில் சிரித்தான். என்னவோ, என்றான் சிங்காரவேல்.

திங்கள் போனது. செவ்வாய், புதன் போனது. ஒவ்வொரு நாளும் பரமசிவத்தின் மேஜை வரைக்கும் போய், வேறு ஏதாவது கேட்டுவிட்டுத் திரும்பினான்.

வியாழன் சாயங்காலம் ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே மோட்டார் நின்றான். கண் சிவந்திருந்தது. பட்டியலில் 1973-இல் சேர்ந்ததாக இருக்கிறது. எதிரே நிற்பவனுக்கு இருபத்திரண்டு வயது. பதினாலு வயதில் ஷிப்ட் பார்த்தாயா, எவன் பெயரில் வந்தாய் என்று காண்ட்ராக்டர் ஆபீஸ் மேனேஜர் ராமசாமி கேட்டிருக்கிறார். இவன் எழுபத்தெட்டில் சேர்ந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கிறான். அது இன்னும் மோசமாகப் போயிருக்கிறது.

“எல்லாரு எதிருலயும் திருட்டுப் பயன்னுட்டாருங்கண்ணா. நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. நாங்க சொன்னா ஒரே பேரா இருக்குன்னு சிரிக்கிறாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. நீங்கதான் வேற பேருல இருக்கீங்களே.”

அவன் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. வசதியைச் சொல்வது போலச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை பரமசிவம் வந்து உட்கார்ந்ததும் போய் நின்றான்.

“சார், அன்னிக்குக் கேட்டீங்க. பேரும் அப்பா பேரும் ஒண்ணா ரெண்டு பேரு இருப்பாங்களான்னு. இருப்பாங்க சார்.”

“எப்படித் தெரியும்?”

“எம் பேரே அதுதான். பெரியண்ணன். அப்பா கலியன். ஆலடிக்குப்பம்.”

கமலாவின் மெஷின் நின்றது. பரமசிவம் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்த இருபத்தாறு நாள் அட்டை எத்தனை பெயரில் நாட்களை வெட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். எண்ணினார்கள். பதினாலு ஊரில் அறுபத்து மூன்று பெயர். வேறு ஊர்களிலும் சாமிகள் இருந்தன. தாத்தன் பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. காண்ட்ராக்டர் ஆபீசில் இதை நீரே வந்து சொல்லும் என்று பரமசிவம் எழுந்தார். அங்கே ராமசாமியின் மேஜை முன்னால் அவன் இரண்டாம் முறையாகத் தன் பெயரைச் சொன்னான். அப்படியென்றால் அந்தப் பையன் திருடன் இல்லையா என்றார் ராமசாமி. இல்லை சார் என்றான். பின்னே யார், என்றார் அவர்.

ராமசாமி நல்ல மனிதர். அறுபத்து மூன்று பெயரையும் ஊர் ஊராகப் போய் நேரில் பார்த்துப் பிரித்துக் கொடுங்கள், முடிகிற ஊர்களை வாரா வாரம் வெள்ளிக்கிழமை சரிபார்த்து அனுப்புகிறேன் என்றார். உதவிக்கு இரண்டு குமாஸ்தாக்களை முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் தருவதாகச் சொன்னார். மொத்தம் மூன்று வாரம். நடத்துகிற பொறுப்பு சிங்காரவேலுக்கு. தப்புப் பண்ணினவனிடமே பரமசிவம் அதை ஒப்படைத்தார். தண்டனையாகக் கொடுத்தாரோ, வேறு ஆள் இல்லாமல் கொடுத்தாரோ, இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

அவன் வாழ்க்கையில் நடத்திய முதல் வேலை அது. கட்டம் போட்ட பெரிய தாள் ஒன்று வாங்கினான். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பதினாலு ஊர். மேலே இடமிருந்து வலமாக மூன்று வாரத்து நாட்கள். எந்த ஊருக்கு எந்த நாள், யார் போவது, கமலா எப்போது அட்டை குத்துவது, எப்போது சென்னை பஸ் ஏறுவது எல்லாவற்றுக்கும் பென்சிலில் ஒரு பட்டை. முடிந்தால் சிவப்பு. யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வோர் ஆளிடமும் கேட்க ஒரு படிவமும் அவனே எழுதினான். அதில் அம்மா பெயர், கைநாட்டா கையெழுத்தா, பெல்ட்டில் பக்கத்தில் நிற்பவர் யார், தெருவில் கூப்பிடும் பெயர் என்ன என்று நாலு கேள்வி. அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கால்வாசி முடிச்சை அவிழ்த்தது.

தாளில் ஊர்களை வரிசைப்படுத்தியபோது ஆலடிக்குப்பத்தை அவன் கடைசியில் போட்டான்.

கமலா பார்த்துவிட்டுக் கேட்டாள். “சார், இது பக்கத்துலதான இருக்கு? உங்களுக்குத் தெரிஞ்ச ஊரு. இத மொதல்லயே முடிச்சிடலாமே.”

“பஸ் ரூட்டுக்கு இதான் வசதி,” என்றான். காடாம்புலியூர்ப் பக்கம் முதல் வாரம், சேத்தியாத்தோப்புப் பக்கம் இரண்டாம் வாரம், குறிஞ்சிப்பாடிப் பக்கம் மூன்றாம் வாரம். தாளில் பார்த்தால் கச்சிதமாகத்தான் இருந்தது. அவனுக்கு மட்டும் காரணம் தெரியும். முதல் இரண்டு வாரமும் கூடவே குமாஸ்தாக்கள் வருவார்கள். தெருவில் அவர்களோடு நுழைந்தால், காலேஜு வந்துட்டான் என்று யாராவது கத்துவார்கள். அம்மா சாமியம்மாள் கரும்புச் சோகைக் கட்டோடு எதிரே வருவாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். அவர்கள் அதைக் குடிக்காமல் நாசூக்காகக் கீழே வைப்பார்கள். பெயரை இரண்டு மேஜை முன்னால் சொல்லியாயிற்று. தெருவைக் காட்ட அவனால் முடியவில்லை. மூன்றாம் வாரம் தனியாகப் போகலாம்.

ஜூன் ஒன்று அவனுக்கு மறக்கவில்லை. ஆலடிக்குப்பத்தை முதல் வாரத்தில் போட்டால் மே இருபத்தொன்பது வெள்ளிக்கிழமைக்குள் பீச்சாங்கை சரிபார்ப்புக்குப் போய்விடலாம் என்று தாள் பளிச்சென்று சொன்னது. பத்துப் பன்னிரண்டு நாள் முன்னே பின்னே ஆனால் ராமசாமியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டான்.

வேலை ஒரு நாள்கூடத் தவறாமல் நடந்தது. ஆபீஸ் சுவரில் தாள் சிவந்துகொண்டே வந்தது. பரமசிவம் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். மூன்றாம் வாரம் அவன் தனியாகத் தன் தெருவுக்குப் போய், சாமிக்கல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெரியண்ணனையும் எதிரே நிற்க வைத்து, தெருவில் கூப்பிடும் பெயர் என்ன என்று தெரியாதவன் மாதிரி கேட்டு எழுதினான். பீச்சாங்கை தன் முறை வந்தபோது, “உனக்குத் தெரியாதா தம்பி?” என்று கேட்டு, தெரு சிரித்து முடித்ததும், இடது கையால் மெள்ளத் தன் பெயரை எழுதினான். கையெழுத்துக்காரன் அவன்தான்.

ஜூன் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. நெட்டைக்குப் பரிந்துரை போனது. அந்த வருஷமே பெர்மனென்ட் ஆனான். மோட்டாருக்கு நாட்கள் போதவில்லை. ஆனால் ராமசாமி அவனைக் கூப்பிட்டு, திருடன் என்று சொன்னது தப்பு என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். மூன்று வருஷம் கழித்து அவனும் உள்ளே போனான். பீச்சாங்கைக்கு மொத்தப் பட்டியலிலேயே நாலாவது இடம். வயது முப்பத்தைந்தும் பதினோரு நாளும்.

சிங்காரவேல் ராமசாமியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான். அது தன் கையில் இல்லை, மேலிடத்து விதி என்றார் அவர். பதினோரு நாள் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று வருத்தத்தோடுதான் கேட்டார். பஸ் ரூட் அப்படி என்று சிங்காரவேல் சொன்னதை ஒப்புக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஏறுமுகம். அடுத்த வேலைக்கு ராமசாமியே, அந்தத் தாள் போடுகிற பையனை அனுப்புங்கள் என்று கேட்டார். பரமசிவம் அவனை ப்ரோக்ராம் எழுதுவதிலிருந்து விடுவித்து வேலைகளை நடத்தச் சொன்னார். 1986-இல் சென்னைக் கம்பெனி நேர்முகத் தேர்வில், நீங்கள் நடத்திய வேலை ஒன்றைக் காட்டுங்கள் என்றார்கள். அவனிடம் சுருட்டி வைத்திருந்தது அந்த ஒரு தாள்தான். மேஜையில் விரித்தான். கேள்வி கேட்டவர் விரலை ஊர் வரிசையில் மேலிருந்து கீழே ஓட்டி, பஸ் வழியைப் பார்த்து அடுக்கியிருக்கிறீர்கள், இதுதான் திட்டமிடுதல் என்று பக்கத்திலிருப்பவரிடம் காட்டினார். விரல் ஆலடிக்குப்பத்தில் வந்து நின்றது. சிங்காரவேல், நன்றி சார் என்றான்.

விசிட்டிங் கார்டு வந்த அடுத்த வருஷம், மாசி மாதம், ஊருக்குப் போனான். அம்மாவைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பும்போது சாமிக்கல் பக்கத்தில் பீச்சாங்கை பெரியண்ணன் உட்கார்ந்திருந்தான். மத்தியான ஷிப்ட்டுக்குக் கிளம்புகிற நேரம். மடியில் டிபன் தூக்கு. காண்ட்ராக்டர் மாறியிருந்தார், டோக்கன் மாறியிருந்தது, அள்ளுகிற கரி அதேதான். தலை பாதி நரைத்துவிட்டது. உட்கார் தம்பி என்றான். உட்கார்ந்தான்.

மெட்ராஸில் இப்போது என்ன வேலை என்று பீச்சாங்கை கேட்டான். மெஷினா என்றான். மெஷின் வேலை மற்றவர்கள் செய்வார்கள், நான் அவர்களை வைத்து வேலையை முடிக்க வேண்டும் என்று சிங்காரவேல் விளக்கினான். தெருவில் நாற்காலி போட்டு எழுதினாயே, அந்த மாதிரியா என்றான் பீச்சாங்கை. கிட்டத்தட்ட அதுதான் என்றான். பீச்சாங்கை முகம் மலர்ந்தது.

“அப்ப நாந்தான் உனக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்திருக்கேன்னு சொல்லு,” என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். சிங்காரவேல் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பீச்சாங்கை அதைக் கவனித்தானோ என்னவோ, கொஞ்ச நேரம் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

“எது மொதல்ல, எது கடைசின்னும் நீதான் சொல்லுவியா?”

“ஆமாண்ணே.”

“அன்னிக்கும் நீதான் சொன்னியா? எங்க தெரு கடைசின்னு?”

பஸ் ரூட் என்ற பதில் எட்டு வருஷமாக நாக்கு நுனியில் இருந்தது. கமலாவிடம் சொன்னது, ராமசாமி ஒப்புக்கொண்டது, சென்னையில் பாராட்டு வாங்கியது. இப்போதும் சொல்லலாம். பீச்சாங்கை அதையும் நம்பியிருப்பான்.

“நாந்தாண்ணே சொன்னேன். கூட ரெண்டு பேரு வந்துகினு இருந்தாங்க. அவங்கள இங்க கூட்டியாரக் கூச்சமா இருந்துச்சு.”

பீச்சாங்கை தெருவை ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தால், அவன் முகத்தில் அது இல்லை. ஒரு விஷயம் விளங்கிவிட்ட ஆள் மாதிரித் தலையாட்டினான். எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, தூக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.

“நேரமாவுதுங்க சார். உங்களுக்கும் பஸ்ஸு வந்துடும், கெளம்புங்க.”

இருவருக்கும் ஒரே ரோடு, ஒரே பஸ். பீச்சாங்கை பத்தடி முன்னால் நடந்தான். முந்திரித்தோப்பு வரைக்கும் அந்தப் பத்தடி குறையவில்லை.